சம்பளத்துக்காகப் படித்த நான்கு தேர்தல் அறிக்கைகள்

2024 ஜூலை 4 பிரிட்டன் பொதுத் தேர்தலுக்கு முன் நான்கு கட்சிகளின் அறிக்கைகளையும், சம்பளம் பற்றி என்ன சொல்கின்றன என்று பார்க்க மட்டும் படித்தேன். லண்டனின் ஈஸ்ட் ஹாமில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை எனக்கு. அப்போது 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 11.44 பவுண்டு. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பஸ்ஸில் போகும் நேரத்துக்கு என் முதலாளி ஒரு பென்னிகூடத் தருவதில்லை.

லேபர் அறிக்கைக்கு ஐந்துக்கு மூன்று. வயதுவாரி ஊதியத்தை ஒழிப்போம் என்ற வரியை என் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். வயது 19. கடையில் அதே பெட்டிகளைத்தான் தூக்குகிறான், ஆனால் 8.60 பவுண்டு. "எப்பம்மா?" என்றான். தேதியைத் தேடினேன், இல்லை. விலைவாசியைக் கணக்கில் எடுப்போம் என்கிறார்கள், சரி, எவ்வளவு என்று ஒரு எண்ணாவது போட்டிருக்க வேண்டும்.

பசுமைக் கட்சி எல்லா வயதினருக்கும் குறைந்தபட்சம் மணிக்கு 15 பவுண்டு என்று நேரடியாக எழுதியிருந்தது. கன்சர்வேட்டிவ், குறைந்தபட்ச ஊதியம் இடைநிலை வருமானத்தில் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்கும் தொகை) மூன்றில் இரண்டு பங்கு என்பதோடு நின்றது. லிபரல் டெமாக்ரட் மட்டும்தான் பராமரிப்புப் பணியாளருக்குக் குறைந்தபட்ச ஊதியத்தைவிட மணிக்கு 2 பவுண்டு கூடுதல் என்றது. என் வேலையின் பெயரை அங்கே பார்த்ததும் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன்.