சிறு நகர மையத்துக்கும் பொது நிலத்துக்கும் எந்த மண்டல விதி பொருந்தும்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சோமர்வில் என்றொரு நகரம். மக்கள்தொகை 80,000 அளவில். எந்தப் பகுதியில் என்ன பயன்பாடு, எவ்வளவு பெரிய கட்டடம் கூடும் என்று வகுக்கும் தன் மண்டல விதிகளைத் திருத்தி எழுத இறங்கியபோது, இருக்கிற குடியிருப்புக் கட்டடங்களில் எத்தனை அந்த விதிகளுக்கு முழுமையாக உட்பட்டு நிற்கின்றன என்று பார்த்தார்கள். தேறியவை 22. ஊர் முழுக்கத் தேடியும் அவ்வளவுதான். மற்ற எல்லா வீடுகளும், அதே மனையில் அதே அளவில் மறுபடி கட்ட அனுமதி கேட்டால், மறுக்கப்பட வேண்டியவை. 2019 டிசம்பரில் அந்நகரம் விதிகளையே புதிதாக எழுதி நிறைவேற்றியது.

சிறு நகரங்கள் பலவற்றின் மையப் பகுதி இந்த நிலைமையில்தான் இருக்கிறது. கட்டடங்கள் முதலில் வந்தன, விதிகள் பின்னால் வந்தன. நியூயார்க் 1916இல் நகரம் முழுமைக்கும் மண்டல விதி கொண்டுவந்தது. ஒஹாயோவின் யூக்ளிட் என்ற சிற்றூரின் விதிகள் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926இல் தீர்ப்பளித்தது. வீட்டுக்கு அருகில் தொழிற்சாலைப் புகை கூடாது என்ற நியாயமான கவலை அதன் பின்னால் இருந்தது. ஆனால் அகன்ற மனைகள் கொண்ட புறநகருக்கு எழுதிய, தெருவுக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய முன்வாசல் இடைவெளியும், கார் நிறுத்தக் கணக்கும், வீடு வேறு கடை வேறு என்ற பிரிவும் நெருக்கமான கடைத்தெருவின் மீதும் அப்படியே ஏற்றப்பட்டன. மாடியில் குடியிருந்துகொண்டு கீழே கடை நடத்துவது, பல ஊர்களில் சிறப்பு அனுமதி கேட்க வேண்டிய காரியமாயிற்று.

திருத்த நினைக்கும் நகராட்சியின் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. பழைய விதிகளை அங்கங்கே திருத்துவது. கட்டடத்தின் வடிவத்தை அடிப்படையாக வைத்துப் புதிதாக எழுதுவது. ஜப்பானைப் போலப் பயன்பாடுகளைப் படிக்கட்டாக அடுக்குவது.

முதல் வழி செலவு குறைந்தது, உடனே முடிவது. இந்தத் தெருவில் மாடி வீடு கூடும் என்று ஒரு வரி சேர்க்கலாம், மையத்தின் மீது ஒரு மேல்மண்டலம், அதாவது பழைய மண்டலத்தின் மேல் கூடுதலாக ஒரு விதி அடுக்கு, போட்டுச் சில தடைகளைத் தளர்த்தலாம். அதன் குறை பத்து வருடம் கழித்துத்தான் தெரியவரும். ஒரு மனைக்கு எந்த விதி என்று அறிய மூன்று அத்தியாயங்களையும் இரண்டு வரைபடங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும். பெரிய கட்டுமான நிறுவனம் அதற்கு வக்கீல் வைத்துக்கொள்ளும். தன் ஒரே கட்டடத்தைப் புதுப்பிக்க நினைக்கும் கடைக்காரர் பாதியில் கைவிடுவார். என் பார்வையில் இதுதான் இந்த வழியின் பெரிய அநியாயம்.

இரண்டாவது வழி, உள்ளே என்ன நடக்கிறது என்பதைவிடக் கட்டடம் தெருவோடு எப்படி நிற்கிறது என்று கேட்கிறது. சுவர் நடைபாதையை ஒட்டி வருகிறதா, எத்தனை மாடி, வாசல் எந்தப் பக்கம், தரைத்தள முகப்பில் எவ்வளவு கண்ணாடி. புளோரிடாவின் சீசைடு என்ற சிறு குடியிருப்பு 1980களின் தொடக்கத்தில் இந்த முறையில்தான் திட்டமிடப்பட்டது. மயாமி என்ற பெருநகரமே 2010இல் நகரம் முழுமைக்கும் இதற்கு மாறியது. கடைத்தெருவுக்கு இது அழகாகப் பொருந்துகிறது. இருபது வருடத்தில் துணிக்கடை மருந்தகமாகும், மருந்தகம் அலுவலகமாகும், மாடி வீடாகும். தெருவை வாழவைக்கும் முகப்பு மட்டும் மாறாமல் இருந்தால் போதும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே முன்பக்கம் முழுக்க கார் நிறுத்தம் வந்துவிட்டால், நடப்பவர்கள் அந்த இடத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அந்த இடைவெளி வராமல் தடுப்பதில் வேறெந்த முறையும் இதற்கு ஈடில்லை.

இதிலும் சிக்கல் உண்டு. வெளியூர் ஆலோசகர்கள் எழுதித்தரும் வடிவ விதிநூல் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நீண்டுவிடும். ஜன்னல் விகிதம், கூரைச் சரிவு, தூணின் பருமன் என்று ரசனை சார்ந்த விஷயங்களெல்லாம் சட்டமாகிவிடும். திட்டப் பிரிவில் ஓரிரு ஊழியர்களே இருக்கும் ஊரில் அதை யார் சரிபார்ப்பது? பல்லாயிரம் மனைகளுக்குச் செய்யும் வேலையைச் சிறு நகரம் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. மையத்தின் நான்கைந்து தெருக்களுக்குச் சில பக்கங்களில் அடங்குகிற வடிவ விதி போதும்: சுவர் நிற்கும் கோடு, குறைந்தபட்ச, அதிகபட்ச மாடிகள், தெருவைப் பார்த்த வாசல், வண்டி நிறுத்தம் பின்னால்.

மூன்றாவது வழி ஜப்பானுடையது. நாடு முழுமைக்கும் சேர்த்து 13 வகை மண்டலங்கள்தான். 1992இல் 12 ஆக்கினார்கள், 2018இல் ஒன்று கூடியது. அமைதியான குடியிருப்பில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் அதற்குக் கீழுள்ள பெரும்பாலான பயன்பாடுகள் தொடர்ந்து அனுமதிக்கப்படும். புதிதாகச் சில சேரும். மிகக் கட்டுப்பாடான குடியிருப்பு மண்டலத்தில்கூட, வீட்டோடு சேர்ந்து 50 சதுர மீட்டருக்குள் சிறு கடை வைக்கலாம். வணிக மண்டலத்தில் வீடு கட்டத் தடையில்லை. தொழிற்சாலைகளுக்கென்றே ஒதுக்கிய மண்டலத்தில் மட்டும்தான் வீடு கூடாது. படிக்க எளிது, நடத்த எளிது. தெருவின் முகம் எப்படி அமையும் என்பதில் இது அவ்வளவாகத் தலையிடாது என்பதுதான் குறை. ஊர் முழுமைக்கும் இந்தப் படிக்கட்டு, மையத் தெருக்களுக்கு மட்டும் மேலே சொன்ன சுருக்கமான வடிவ விதி. இரண்டையும் சேர்ப்பதே சிறு நகரத்தின் சக்திக்கு உட்பட்டது என்று உறுதியாக நினைக்கிறேன்.

எந்த வழியை எடுத்தாலும் ஒன்றை முதலில் நீக்க வேண்டும்: கட்டாயக் கார் நிறுத்தக் கணக்கு. 25 அடிக்கு 100 அடி மனையை எடுத்துக்கொள்வோம், 2,500 சதுர அடி. தரைத்தளத்தில் 2,000 சதுர அடியில் உணவகம். ஆயிரம் சதுர அடிக்கு 10 கார் என்பது பல விதிநூல்களில் காணும் அளவு, ஆக 20 கார். ஒரு கார் நிற்கவும் உள்ளே வந்து திரும்பவும் ஏறக்குறைய 300 சதுர அடி வேண்டும். மொத்தம் 6,000 சதுர அடி. பக்கத்து மனைகள் இரண்டை வாங்கி அவற்றிலுள்ள கட்டடங்களை இடித்தாலும் இடம் போதாது! மூடிக் கிடக்கும் கடைகளுக்கு வாடிக்கையாளர் வராததுதான் காரணம் என்கிறோம். பல இடங்களில் இந்தக் கணக்கும் ஒரு காரணம். ஆர்கன்சாவின் ஃபயட்வில் 2015இல் வணிகக் கட்டடங்களுக்கு இந்தக் கட்டாயத்தை முழுக்க நீக்கியது. நெடுங்காலம் காலியாகக் கிடந்த கட்டடங்கள் சில அதன்பிறகு பயனுக்கு வந்தன.

வண்டி நிறுத்த இடமில்லாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்ற வணிகர்களின் அச்சத்தை ஒதுக்கிவிடக் கூடாது. கட்டாயத்தை நீக்கினால் யாரும் நிறுத்தமே கட்டமாட்டார்கள் என்று பொருளில்லை. தேவையை உரிமையாளர் தீர்மானிப்பார். தெருவோரத்தில் நேர வரம்பும், நெரிசல் நேரத்தில் கட்டணமும் வைத்தால், காலையில் நிறுத்திய வண்டி மாலைவரை நகராமல் கிடப்பது குறையும்.

அடுத்தது பொது நிலம். இதில்தான் நகரங்கள் அதிகம் கோட்டை விடுகின்றன. பழைய தீயணைப்பு நிலையம், நூலகம், பூங்கா, நகராட்சி வாகன நிறுத்தத் திடல் இவற்றுக்கு இரண்டு யோசனைகள் போட்டியிடுகின்றன. சுற்றியுள்ள மண்டலத்தையே இவற்றுக்கும் கொடுத்துவிட்டால், பயன் முடிந்த இடத்தை விரைவில் வீடாகவோ கடையாகவோ மாற்றலாம், வரைபடமும் எளிமையாகும். ஆனால் நிலம் விற்கப்பட்ட அன்றே வாங்கியவருக்குக் கட்டும் உரிமை வந்துவிடும். ஊர்மக்கள் பேசும் கட்டம் விற்பனைத் தீர்மானத்தோடு முடிந்துபோகும். தனிப் பொது மண்டலம் வைத்தால், பயன்பாட்டை மாற்ற ஒவ்வொரு முறையும் பொது விசாரணையும் நகர்மன்றத்தின் வாக்கும் தேவை. மெதுவான வழிதான், ஆனால் பூங்கா விஷயத்தில் மெதுவாக நடப்பதே நல்லது.

எல்லாப் பொது நிலத்தையும் ஒரே கூடையில் போடாமல் பிரிப்பதே சரி. பூங்கா, நீர்நிலைக் கரை, சதுக்கம் ஆகியவற்றுக்குக் கடுமையான தனி மண்டலம். அலுவலகக் கட்டடத்துக்கும் வாகனத் திடலுக்கும் மைய மண்டலத்தின் வடிவ விதியே இருக்கட்டும், ஆனால் நிலம் கைமாறினால் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனையோடு. மையத்தின் வாகனத் திடல்கள்தான் புது வீடுகளுக்கு மிகப் பொருத்தமான இடம்.

விற்பதா, குத்தகைக்கு விடுவதா? விற்றால் கையில் பணம் ஒருமுறை வரும், அந்த ஆண்டுப் பற்றாக்குறை தீரும், நிலம் போய்விடும். குத்தகையில் நிலம் ஊருக்கே திரும்பும். கான்பெராவின் வீட்டு மனைகள் 99 ஆண்டுக் குத்தகையில் இருக்கின்றன. நியூயார்க்கின் பேட்டரி பார்க் சிட்டியில் நிலம் ஒரு பொது ஆணையத்துடையது, கட்டடங்கள் குத்தகை நிலத்தில் நிற்கின்றன. குத்தகை என்றாலே பாதுகாப்பு என்றும் நினைத்துவிட முடியாது. சிகாகோ 2008இல் தன் தெருவோர வண்டி நிறுத்தக் கட்டண மீட்டர்களை 75 ஆண்டுகளுக்கு 115 கோடி டாலருக்குக் குத்தகைக்கு விட்டது. விலை மிகக் குறைவு என்று நகரின் தலைமை ஆய்வாளர் அலுவலகமே அடுத்த ஆண்டு அறிக்கை தந்தது. அதைவிடப் பெரிய இழப்பு வேறு: தன் தெருவில் நிறுத்த இடங்களை எடுத்துவிட்டு வேறொன்று செய்ய நினைத்தால், குத்தகைதாரருக்கு நகரம் ஈடு தர வேண்டியிருக்கிறது.

ஆகவே சிறு நகரம் குத்தகைப் பத்திரத்தில் மூன்று வரிகளை விடாமல் எழுத வேண்டும். வாடகையைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுமதிப்பிடும் முறை, குறித்த காலத்துக்குள் கட்டாவிட்டால் நிலம் திரும்பும் என்ற நிபந்தனை, பக்கத்துத் தெருவை மாற்றும் உரிமை நகரத்திடமே இருக்கும் என்ற உறுதி. முதல் ஏலத்துக்கு விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே, இந்த மூன்றும் மன்றத்தின் தீர்மானமாகிவிட வேண்டும்.