மைட்டோஜீனோம் பேக்கேஜ்: லேப் வேலை அருமை, ரிப்போர்ட் தேறாது

வேட்டையாடும் கடல் நத்தைகளின் மைட்டோஜீனோமை (செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் முழு டிஎன்ஏ) சீக்வென்ஸ் பண்ணி, ஜீன்களைக் குறித்து, பரிணாம மரமும் போட்டுத் தருகிறோம் என்று முழு பேக்கேஜாக விற்கும் ஒரு நிறுவனத்துக்குக் கூம்பு நத்தைகளும் இரண்டு மூன்று முரெக்ஸ் வகைகளும் அனுப்பியிருந்தோம். பெயர் வேண்டாம், இதே பேக்கேஜை விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், யாரிடம் போனாலும் பார்க்க வேண்டியவை இவைதான்.

முதலில் நல்லது. நத்தைத் திசுவில் டிஎன்ஏ எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை, அந்தச் சளியில் இருக்கும் பாலிசாக்கரைடு டிஎன்ஏவோடு சேர்ந்தே வந்து அடுத்த கட்ட என்சைம்களைப் படுத்தி எடுக்கும். இவர்கள் சிடிஏபி என்ற வேதிப்பொருளைக் கொண்டு பிரிக்கும் முறையில் சுத்தமாக எடுத்தார்கள், அதுவும் கால் தசையிலிருந்து மட்டும். குடல் பக்கம் போனால் அது தின்ற புழுவின் டிஎன்ஏவும் கலந்துவிடும் என்று அவர்களே முன்கூட்டிச் சொன்னார்கள். ரீட்ஸ் (கருவி படித்துத் தரும் டிஎன்ஏ துண்டுகள்) தரமானவை, ஒவ்வொரு இடமும் எத்தனை முறை படிக்கப்பட்டது என்ற கவரேஜ் சீராக இருந்தது, ஜீனோமும் வட்டமாக மூடியே வந்தது. நீளம் 15,000 பேஸுக்குக் கொஞ்சம் மேல், அதாவது இந்தக் கூட்டத்துக்கு வழக்கமான அளவு. இதுவரை குறையே இல்லை.

அனோட்டேஷனில், அதாவது எந்த ஜீன் எங்கே என்று குறிப்பதில்தான் கோட்டை விட்டார்கள். கோடான் என்பது புரதத்துக்கான மூன்றெழுத்து டிஎன்ஏ சொல். மைட்டோகாண்ட்ரியாவில் முதுகெலும்பு உள்ளவற்றுக்கு ஒரு கோடான் அட்டவணை, இல்லாதவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேறு அட்டவணை. முதலாவதில் ஏஜிஏ, ஏஜிஜி இரண்டும் ஸ்டாப், அதாவது புரதம் அங்கே முடிந்தது என்று அர்த்தம். நத்தைக்கு அவை செரின் என்ற அமினோ அமிலம், 5-ஆம் அட்டவணை. மீன் சேம்பிளுக்குப் போட்ட செட்டிங்கையே இங்கேயும் ஓட்டிவிட்டார்கள் போல, என்ஏடி5 என்ற புரத ஜீன் துண்டு துண்டாக வந்து நிற்கிறது. அதைவிடச் சிரிப்பு, செரினைக் கொண்டு வந்து சேர்க்கும் டிஆர்என்ஏ மூலக்கூறுக்கான ஒரு ஜீன் 'இழக்கப்பட்டுள்ளது' என்று ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அது எங்கேயும் போகவில்லை ஐயா! பல விலங்குகளில் அந்த டிஆர்என்ஏவுக்கு டி-கை என்ற மடிப்பு இருக்காது, அதனால் சாதாரண மென்பொருள் கண்ணில் படாது, அவ்வளவுதான். இலவசமாகக் கிடைக்கும் மிட்டோஸ் என்ற அனோட்டேஷன் கருவியில் 5-ஆம் அட்டவணையைத் தேர்ந்து ஓட்டினோம், 13 புரத ஜீன், 22 டிஆர்என்ஏ, 2 ஆர்ஆர்என்ஏ என்று 37-ம் வந்துவிட்டன. ஜீன்களின் ஆரம்பமும் முடிவும் மட்டும் கையால் சரிபார்க்க வேண்டும், எந்தக் கருவியில் ஓட்டினாலும் அது செய்ய வேண்டிய வேலைதான்.

அப்புறம் மரம். அவுட்குரூப்பாக, அதாவது மரத்துக்கு வேர் காட்ட வெளியிலிருந்து சேர்க்கும் உயிரியாக, கடல் முயல் என்ற நத்தையை வைத்திருக்கிறார்கள்! அது வேறு பெரும்பிரிவு, அவ்வளவு தூரத்துச் சொந்தத்தைக் கூப்பிட்டால் நீளக் கிளைகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு அடிக்கிளைகளைக் குழப்பிவிடும். வேகமாக மாறும் மூன்றாம் கோடான் இடங்களைத் தனியாகப் பிரிக்கவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே மாடல். ஆனால் முக்கால்வாசி முனைகளில் பூட்ஸ்ட்ராப் (அந்தக் கிளைக்கு டேட்டா தரும் ஆதரவைக் காட்டும் எண்) 100 என்று மினுமினுக்கிறது, புதிதாக வருபவர்கள் அதைப் பார்த்து அப்படியே ஏமாந்துவிடுவார்கள்.

எண் பெரிதாக இருந்தால் மரம் சரி என்று ஆகாது. மைட்டோகாண்ட்ரியாவின் ஜீன்கள் அத்தனையும் ஒரே மூட்டையாகத் தாய் வழியில் வருபவை. 37 இருந்தாலும் சொல்லும் வம்சக் கதை ஒன்றுதான். கோனஸ், கோனாஸ்ப்ரெல்லா, புரோஃபண்டிகோனஸ் மாதிரி கூம்பு நத்தைப் பேரினங்களை ஒரே குடும்பத்துக்குள் பிரித்துப் பார்க்க இது நன்றாகவே உதவும். கூம்பு நத்தையும் முரெக்ஸும் சேர்ந்த நியோகாஸ்ட்ரோபோடா என்ற பெரிய கூட்டத்தின் குடும்பங்கள் ஒன்றிலிருந்து ஒன்று எந்த வரிசையில் பிரிந்தன என்று கேட்டால் திணறும், ஏனென்றால் அந்தப் பிரிவுகள் குறுகிய காலத்தில் அடுத்தடுத்து நடந்திருக்கின்றன. டிரைட்டன் நத்தைக் கூட்டமான டோனாய்டியா, வெளியே இருக்க வேண்டியது, சில மைட்டோ மரங்களில் நியோகாஸ்ட்ரோபோடாவுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்த கதையெல்லாம் உண்டு. அங்கே நியூக்ளியர் ஜீன்கள் (செல்லின் உட்கருவில் இருப்பவை) இல்லாமல் வேலை ஆகாது. இதைப் பற்றி ஒரு வரிகூட ரிப்போர்ட்டில் இல்லை என்பதுதான் என் பெரிய வருத்தம்.

கஸ்டமர் சப்போர்ட் மரியாதையாகப் பேசுகிறார்கள், உடனே பதில் வருகிறது. மாடல் பற்றிக் கேட்டால் மட்டும் அதே மூன்று வரியைத் திரும்பத் திரும்ப ஒட்டி அனுப்புகிறார்கள்.

சீக்வென்சிங்குக்கு நாலரை ஸ்டார், மீதிக்கு ஒன்று. அடுத்த முறையும் இவர்களிடமே அனுப்புவோம், ஆனால் சீக்வென்சிங் மட்டும். ஃபாஸ்ட்க்யூ கோப்புகளை, அதாவது மூல ரீட்ஸை, தருவார்களா என்று ஆர்டருக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பேக்கேஜில் அது தானாக வராது. மிச்ச டிஎன்ஏவையும் திருப்பிக் கேளுங்கள், கேட்காவிட்டால் கொஞ்ச நாளில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நத்தையின் மேல் ஓட்டை (ஷெல்லை) அனுப்பவே வேண்டாம், இனம் எது என்று பின்னால் தகராறு வந்தால் அது உங்கள் கையில் இருக்க வேண்டும்.