சேமஸின் ஷாட்டா, டாங்கி காங்கின் குத்தா? சுட்ட பிறகுதான் கணக்கு

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் எங்கள் மாடி அறையில் ஆட்டத்துக்கு ஆள் பஞ்சமே இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான். மண்டபம், பாம்பன் பக்கத்து நண்பர்கள் வலை பின்னல், படகு மராமத்து எல்லாம் முடித்துவிட்டுச் சாயங்காலம் பஸ் ஏறிக் கீழக்கரைக்கு வந்துவிடுவார்கள். துபாயில் இருக்கும் மச்சான் கொண்டுவந்து கொடுத்த நின்டெண்டோ ஸ்விட்ச் வீடியோ கேம் கருவி ஒன்று இருக்கிறது. ஆடுவது சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட், எதிராளியை அடித்து மேடையை விட்டு வெளியே அனுப்பும் சண்டை ஆட்டம். இந்தத் தடவை நாங்களே ஒரு விதி போட்டுக்கொண்டோம்: ஒருவர் ஒரு வீரரை எடுத்தால் தடைக்காலம் முடியும்வரை மாற்றக்கூடாது.

எனக்கு சார்ஜ் ஏற்றி, அதாவது பலத்தைச் சேர்த்து வைத்து அடிக்கிற ஆள்தான் சரிப்படும். சும்மா பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க எனக்கு விரலில் வேகம் கிடையாது. அப்படிப் பார்த்தால் கடைசியில் இரண்டு பேர்தான் நின்றார்கள். பீரங்கிக் கையோடு வரும் சேமஸ், கையைச் சுழற்றிக் குத்தும் குரங்கு டாங்கி காங். நான் சேமஸை எடுத்தேன். அது சரியான முடிவு என்றுதான் இன்னமும் சொல்கிறேன். ஏனென்று சொல்கிறேன், குரங்குக் கட்சிக்காரர்கள் பொறுமையாகக் கேட்கவும்.

பொதுவானதை முதலில் முடித்துவிடுவோம். இருவரும் 1999-இல் வந்த முதல் ஸ்மாஷ் ஆட்டத்தின் 12 பேரில் இருந்தவர்கள். சேமஸின் சார்ஜ் ஷாட்டும் டாங்கி காங்கின் ஜெயன்ட் பஞ்சும் அன்றிலிருந்தே உண்டு. ஸ்டிக்கை எந்தப் பக்கமும் சாய்க்காமல் ‘பி’ அழுத்தினால் சார்ஜ் ஏற ஆரம்பிக்கும். நடுவில் அடியைத் தடுக்கும் ஷீல்டு பட்டனைத் தட்டினால் ஏறியவரை அப்படியே பத்திரமாக இருக்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேடையை விட்டு விழுந்து ஓர் உயிர் போனால் சேர்த்து வைத்ததும் போச்சு. அடி வாங்க வாங்க ஒவ்வொருவர் கணக்கிலும் சேத சதவீதம் ஏறும்; அது ஏற ஏற அடுத்த அடியில் தூரமாகப் பறப்பார்கள். முழு சார்ஜில் இரண்டுக்கும் சேதம் 28 சதவீதம். ஒண்டிக்கு ஒண்டி ஆட்டத்தில் எல்லா அடியும் 1.2 மடங்கு ஆகும் என்பதால் திரையில் 33.6 என்று விழும். ஆக, சேதக் கணக்கை வைத்து யாரும் யாரையும் ஜெயிக்க முடியாது.

குரங்குக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். அந்தக் குத்து விழும்போது அறையில் எழும் சத்தமே தனி. முழு சார்ஜில் குத்தும்போது சூப்பர் ஆர்மர் உண்டு. அந்தக் கணத்தில் எதிராளி அடித்தாலும் குரங்கு அசராமல் குத்தை முடிக்கும். ஸ்டிக்கைப் பக்கவாட்டில் சாய்த்து ‘பி’ அழுத்தினால் தலையால் முட்டும். தரையில் நிற்கிறவன் அப்படியே மண்ணில் புதைந்து, கழுத்து மட்டும் வெளியே தெரிய, கண்ட்ரோலரை வெறிபிடித்ததுபோல் ஆட்டிக்கொண்டிருப்பான். குத்து தயாராக இருந்தால் அங்கேயே கதை முடிந்தது. ஆட்டத்தின் கணக்கில் குரங்கின் எடை 127, சேமஸுக்கு 108. ஆகவே குரங்கை மேடையை விட்டு அனுப்புவதும் லேசில்லை. எங்கள் ஆட்டங்களில் பார்த்தவரை, ஆளை அவுட் ஆக்க சார்ஜ் ஷாட்டுக்கு எதிராளி நூறு சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும்; குரங்கின் குத்து அதற்கு முன்னாலேயே தூக்கிவிடுகிறது.

இப்படிப் பார்த்தால் குரங்குதானே மேல்? பாம்பன் தம்பியும் அப்படித்தான் குரங்கை எடுத்தான்.

சேமஸின் ஷாட் சார்ஜ் இல்லாமல் விட்டால் வெறும் 5 சதவீதம். பட்டாணி சைஸில் ஒரு உருண்டை போகும், அவ்வளவுதான். முழுதாக ஏற இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். ஏற ஏற உருண்டை பெரிதாகும், வேகமும் கூடும். நிறைந்துவிட்டால் பீரங்கியின் வாய் மினுமினுக்கும். எதிராளி அதைப் பார்த்துக்கொண்டேதான் ஆட வேண்டும். நாய் துரத்தினால் குனிந்து கல் எடுக்கிற மாதிரி பாவனை காட்டினாலே அது பின்வாங்குமே, அந்தக் கதைதான். பாதி ஆட்டத்தில் நான் சுடுவதே இல்லை. சும்மா நிற்கிறேன்; அவனாகவே குதிக்கிறான், அவனாகவே ஷீல்டைத் தூக்குகிறான், ஷீல்டு தூக்கினவனைப் போய்ப் பிடித்துத் தூக்கி எறிகிறேன். “காக்கா, சும்மா காட்டிக்கிட்டே இருக்கீங்க, சுட்டுத் தொலைங்க!” என்று பாம்பன் தம்பி கத்துவான் (காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்). கத்தட்டுமே.

ஆனால் மிரட்டல் குரங்குக்கும் உண்டு, கைக்கெட்டும் தூரத்தில். நான் சேமஸ் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் அதுவல்ல. சார்ஜைச் செலவழித்த பிறகு, மறுபடி நிரப்புவது எப்படி? இதை யாரும் யோசிப்பதில்லை. குத்து எவ்வளவு பலம் என்று பேசுவார்களே தவிர, குத்தியபின் கையில் என்ன மிச்சம் என்று பார்ப்பதில்லை.

ஒரு குத்தை நினைத்துப் பாருங்கள். சரியாக விழுந்தால் பிரச்சினையே இல்லை. ஆள் அவுட், அவன் திரும்பி வருவதற்குள் குரங்கு நிதானமாகக் கையைச் சுழற்றிக்கொள்ளலாம். ஷீல்டில் பட்டாலோ காற்றில் போனாலோதான் வினை. குத்த வேண்டுமென்றால் எதிராளியின் பக்கத்தில் நின்றாக வேண்டும். ஆக, குத்து வீணாகிற நொடியில் குரங்கு நிற்பது சரியாக எதிராளியின் கைக்கெட்டும் தூரத்தில், குத்தி முடித்த கையை இழுத்துக்கொண்டு, வெறும் ஆளாக. அவன் பிடித்துத் தூக்கிப் போடுவான், பின்னாலேயே நாலு அடி விழும். அதிலிருந்து மீண்டு, விலகி ஓடி, தூரம் கிடைத்த பிறகுதான் மறுபடி கையைச் சுழற்ற முடியும்.

விலகி ஓடினாலும் தூரம் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. குரங்கிடம் எறிவதற்கு ஒன்றும் கிடையாது. தரையில் அறையும், முட்டும், சுழலும். எல்லாமே கிட்டத்து வேலை. ‘வராதே’ என்று எட்ட நிறுத்த அதனிடம் ஆயுதம் இல்லை. எதிராளி ஓடி வருவான், இல்லையென்றால் அவன் கையில் இருப்பதை எறிவான். இரண்டு சுற்று சுழற்றியதும் ஷீல்டு, பிறகு ஒரு உருளல், மறுபடி இரண்டு சுற்று. இப்படிச் சேர்த்து நிரப்புவதற்குள் பாம்பன் தம்பிக்கு வியர்த்துவிடும். முதல் குத்து வீணான ஆட்டங்களில் அவன் இரண்டாவது குத்தை முழு சார்ஜோடு குத்தி நான் பார்த்தது அபூர்வம்.

சேமஸின் ஷாட் வீணானால் என்ன ஆகிறது? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சுடும்போது அவள் மேடையின் ஒரு கோடியில், எதிராளி மறு கோடியில். அவன் ஷீல்டை இறக்கி ஓடி வருவதற்குள் அடுத்த சார்ஜில் ஒரு பங்கு ஏறிவிடும். கிட்டே வந்தால் ஷீல்டைத் தட்டிச் சேமித்துக்கொண்டு ஒரு ஏவுகணை. அதற்கு அவன் குதிக்க வேண்டும். அவன் குதிக்கிற நேரத்தில் இன்னொரு பங்கு. கீழே ஒரு குண்டை உருட்டிவிட்டுப் பின்னால் போனால் மேலும் கொஞ்சம். அல்டிமேட்டில் அந்தரத்தில் இருக்கும்போதும் ஏற்றலாம். இதற்கு முந்தைய ஆட்டங்களில் அவளுக்கு அந்த வசதி இல்லை. இப்படித் தவணை தவணையாக நிரப்பிக்கொண்டே போகலாம். அவளிடம் உள்ள மற்ற ஆயுதங்கள் எல்லாமே சார்ஜுக்கு நேரம் வாங்கிக் கொடுக்கும் ஆயுதங்கள். அதனால்தான் ஒரே ஆட்டத்தில் முழு ஷாட்டை திரும்பத் திரும்பக் கண்ணில் காட்ட முடிகிறது. பலம் கொஞ்சம் குறைவாக இருந்தால் என்ன, அடுத்தது வந்துகொண்டே இருக்கிறதே.

நாலு பேர் ஒன்றாக ஆடும்போது மட்டும் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். ஷாட் முதலில் எவன் மேல் படுகிறதோ அவனோடு மறைந்துவிடும். குரங்கின் குத்து பக்கத்தில் நிற்கிற இரண்டு பேரையும் சேர்த்து அனுப்பும். அந்தக் கூச்சலில் யார் சார்ஜ் ஏற்றுகிறார்கள் என்று யாரும் கவனிப்பதும் இல்லை. கும்பல் ஆட்டத்துக்கு மட்டும் என்றால் நான் குரங்கோடு சண்டைக்குப் போக மாட்டேன்.

சேமஸுக்கு இருக்கும் பெரிய தலைவலி வேறு. ஷாட் என்பது எறிபொருள். திருப்பி அனுப்ப ஆள் இருக்கிறது. ஃபாக்ஸ், வுல்ஃப் இருவரும் பளிச்சென்று ஒரு கண்ணாடியைப் போட்டுத் திருப்பிவிடுவார்கள். மரியோ அங்கியை வீசினால் நம் ஷாட் நமக்கே வரும். வில்லேஜர் அதைப் பையில் போட்டுக்கொண்டு, வேண்டும்போது எடுத்து விடுவான். எல்லாவற்றையும்விட மோசம் நெஸ். கையை விரித்தால் ஷாட்டை உறிஞ்சிக்கொள்வான், அவன் சதவீதம் இறங்கும். மண்டபத்து நண்பன் எடுத்தது நெஸ்ஸைத்தான்; வேண்டுமென்றே எடுத்தான் என்பது என் சந்தேகம். அவனோடு ஆடும்போது மட்டும் பாம்பன் தம்பியைப் பார்த்து எனக்குப் பொறாமை வரும். குத்தை உறிஞ்சவும் முடியாது, கண்ணாடி போட்டுத் திருப்பவும் முடியாது. மார்த், ஐக் மாதிரி, விழுகிற அடியைத் தாங்கித் திருப்பி அடிக்கும் எதிரடி வைத்திருக்கிறவர்களிடம்தான் அது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

கண்ட்ரோலரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலோரத்தில் உப்புக் காற்றுக்கு எந்தச் சாமான்தான் நிற்கிறது? பழைய கண்ட்ரோலர் ஒன்றில் ஸ்டிக் தானாகவே இடப்பக்கம் சாயும். சாய்ந்திருக்கும்போது ‘பி’ அழுத்தினால் சார்ஜுக்குப் பதில் பக்கவாட்டு அடி வந்துவிடும். சேமஸுக்கு அது ஏவுகணை; எதிராளி தூரத்தில் இருந்தால் பாதகம் இல்லை. குரங்குக்கு அது தலைமுட்டு. வெறுங்காற்றை முட்டிவிட்டு முழித்துக்கொண்டு நிற்கும். அந்தக் கண்ட்ரோலர் யார் கையில் சிக்கும் என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகிற விஷயம் என்பதால் இதையும் கணக்கில் சேர்த்தேன்.

சார்ஜ் ஆட்கள் வேறு சிலரும் உண்டு. லுகாரியோ அடி வாங்க வாங்கப் பலம் கூடும் ஆள்; அவன் சார்ஜ் ஏற்றும்போது அந்த உருண்டையே கிட்டே வருகிறவனைச் சுடும். மியூடூவின் கரும்பந்து வளைந்து வளைந்து போகும். லிட்டில் மேக்கின் குத்தும் சார்ஜ் ஏறும், ஆனால் சேமிக்க முடியாது. ஏற்றினால் அடித்தே ஆக வேண்டும். என் கட்சிக்கு அது ஆகாது. டார்க் சேமஸ் ஏறத்தாழ சேமஸின் நகல்தான். இவர்களை எல்லாம் நான் ஒன்றிரண்டு ஆட்டத்துக்கு மேல் தொட்டதில்லை என்பதால் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆன்லைன் ஆட்டமும் அப்படித்தான். நான் சொல்வதெல்லாம் ஒரே அறையில், பாய் விரித்து உட்கார்ந்து ஆடியதை வைத்து. போட்டிகளுக்குப் போகிறவர்களிடம் என் தவணைக் கணக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் செட்டில் நெஸ்ஸும் ஃபாக்ஸும் ஆளுக்கொருவர் வைத்திருந்தால் யோசிக்காமல் குரங்கை எடுங்கள். இல்லையென்றால் சேமஸ். நெஸ் ஒருவன்தான் தொல்லை என்றால் சமாளிக்க ஒரு வழி இருக்கிறது. முழு சார்ஜைத் தொடாமல் வைத்துக்கொண்டு மேலே ஒரு ஏவுகணை, கீழே ஒரு குண்டு என்று விட்டுக்கொண்டே இருங்கள். மினுமினுக்கும் பீரங்கியைப் பார்த்துப் பயந்து அவன் கையை விரித்துக் காத்திருப்பான். விரித்த கையோடு அவன் நிற்கிற இடத்துக்கு ஓடிப்போய், சுடாமல், பிடித்து மேடைக்கு வெளியே எறிந்துவிடுங்கள். அந்தரத்திலிருந்து அவன் திரும்பி வரும்போது ஒரு மின்பந்தை வளைத்துத் தன் முதுகிலேயே மோதவிட்டுத்தான் வர வேண்டும். அந்தப் பந்துக்கும் அவனுக்கும் நடுவில் எதையாவது நுழைத்துவிட்டால் போதும். ஷாட் கையில் அப்படியே இருக்கும்.