28,000 ரூபாய்க்கு ஒரு டிசைன் கோர்ஸ்: கோவைக்காரனின் கணக்கு

பெயரைப் போட்டால் வம்பு. காந்திபுரம் நூறடி ரோட்டில் மாடியில் இருக்கும் ஒரு டிசைன் பயிற்சி நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கணக்கு புரியாது. 2018 ஜூனில், மெக்கானிக்கல் முடித்த கையோடு, கணபதி பக்கம் பம்ப் உறை வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் தரப் பரிசோதனைக்குச் சேர்ந்தேன். சம்பளம் 12,000. ஒவ்வொரு ஏப்ரலிலும் முதலாளி கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்து, "மார்க்கெட் டல்லுங்க தம்பி" என்று ஆரம்பித்து ஆயிரத்து ஐந்நூறு கூட்டுவார். 2022இல் 18,000. என்னோடு படித்து ஐடிக்குப் போனவன் அதற்குள் இரண்டு கம்பெனி மாறிவிட்டான். அந்தக் கடுப்பில் இருந்தபோதுதான் போஸ்டர் கண்ணில் பட்டது: கேட்டியா (கம்ப்யூட்டரில் பாகங்களை முப்பரிமாணத்தில் வரையும் மென்பொருள்), மூன்று மாதம், வார இறுதி வகுப்பு, நூறு சதவீத வேலை.

"இன்னைக்கே கட்டினா 28, நாளைக்கு 35" என்றார்கள். கட்டினேன். மூன்று மாதம் கழித்தும் வரவேற்பறையில் அதே 'இன்னைக்கே' ஓடிக்கொண்டிருந்தது.

கேட்டியா வகுப்பு சுமார்தான். 16 பேருக்கு 12 கம்ப்யூட்டர். சொல்லிக்கொடுத்த பையன் போன வருட மாணவன். எந்த ஐகானை அழுத்துவது என்று தெரியும். இந்த மூலைக்கு ஏன் ஃபில்லட், அதாவது ஏன் வளைத்து உருட்ட வேண்டும் என்று கேட்டால் முழிப்பான். வார்ப்பில் மூலையைக் கூராக விட்டால் விரிசல் அங்கேதான் பிடிக்கும் என்று நான்தான் அவனுக்குச் சொன்னேன். பட்டனை மட்டும் பழகுவதற்கு 28,000 அதிகம்.

ஆனால் பாடத்திட்டத்தின் கடைசி வரியில் ஜிடி அண்ட் டி (பாகத்தின் வடிவமும் இடமும் எவ்வளவு பிசகலாம் என்று டிராயிங்கில் குறிக்கும் முறை) என்று நாலு ஞாயிறு போட்டிருந்தார்கள். நடத்தியவர், டூல் ரூமில் (அச்சும் கருவிகளும் செய்யும் பிரிவு) முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். கம்ப்யூட்டரைத் தொட மாட்டார். பையிலிருந்து ஒரு ஃபிளாஞ்சையும் (போல்ட் போட்டு இணைக்கும் துளைத்தட்டு) நாலு போல்ட்டையும் எடுத்து மேசையில் வைப்பார். "டிராயிங்ல எம்எம்சி குறி, அதாவது உலோகம் அதிகபட்சமா இருக்கிற அளவுங்கற குறி, இருக்குதா பாரு. இருந்தா, துளை பெரிசாக ஆக அது தள்ளிப்போகவும் கூட இடம் கொடுக்குது. அதைப் படிக்கத் தெரியாம நல்ல பீஸைத் தூக்கி ஸ்கிராப்புல போடறீங்க." நாலு வருடத்தில் நானே எத்தனை உறையை அப்படி ஒதுக்கியிருப்பேன் என்று நினைத்ததும் சுருக்கென்றது. அந்த நாலு ஞாயிறுக்கு எத்தனை நட்சத்திரம் வேண்டுமானாலும் கொடுப்பேன்.

வேலை விஷயம்: இரண்டு இடத்துக்கு அனுப்பினார்கள். ஒன்றில் ஆள் ஏற்கெனவே எடுத்தாயிற்று. இன்னொன்றில் 2டி டிராயிங் போட 15,000. நான் வாங்குவதைவிடக் குறைவு என்றேன். "அனுபவம்னு நினைச்சுப் போங்க" என்றார் நிலையத்தில் இருந்த அம்மா. நூறு சதவீதம் என்பது அனுப்புவதற்குத்தான் போலிருக்கிறது.

அப்புறம் 2023இல் நானாகவே ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனிக்கு விண்ணப்பித்தேன். நேர்காணலில் ஒரு டிராயிங்கை நீட்டினார்கள். துளை 10.00 முதல் 10.10 மி.மீ. வரை, பொசிஷன் (துளையின் இடத்துக்கு விடும் சலுகை) 0.2, பக்கத்தில் எம்எம்சி. துளை 10.06 வந்திருக்கிறது, பொசிஷனுக்கு எவ்வளவு சலுகை? துளைக்கு எம்எம்சி என்றால் மிகச் சிறிய அளவு, அதாவது 10.00. அதற்கு மேல் வந்த 0.06 போனஸ். ஆக 0.26 என்றேன். சான்றிதழை யாரும் கேட்கவே இல்லை.

சிடிசி, அதாவது கம்பெனி எனக்காக வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு, 5.4 லட்சம். மாதம் 45,000 என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அவசரக்குடுக்கை. அதில் கம்பெனி போடும் பிஎஃப் 1,800, பேசிக் 20,000க்கு 4.81 சதவீதம் கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) 962, வருடக் கடைசியில் தரும் 36,000 (மாதத்துக்கு 3,000) என்று எல்லாம் உள்ளேயே இருந்தன. கழித்தால் மொத்தச் சம்பளம் 39,238. என் பங்கு பிஎஃப் 1,800 போய், மற்ற சில்லறைப் பிடித்தங்களும் போய், கைக்கு வருவது சுமார் 37,000. இருந்தாலும் அப்போது வாங்கிய 19,500க்கு இது கிட்டத்தட்ட இரட்டிப்பு. இந்தப் பிரிப்பை அந்த நிலையத்தில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்திருக்கலாம். 'சாஃப்ட் ஸ்கில்' என்று கைகுலுக்கத்தான் பழக்கினார்கள்.

இன்னொன்று, ஜூன் வரை பொறுத்து ஐந்து வருடத்தை முடித்துவிட்டே ஃபவுண்டரியை விட்டேன். பேசிக்கும் டிஏவும் (அகவிலைப்படி) சேர்த்து 10,400. அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஐந்து வருடத்துக்குப் போட்டால் 30,000 கிராஜுவிட்டி. கோர்ஸ் காசு அதில் வந்துவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஐந்துக்கு மூன்று. கல்லூரியிலிருந்து நேராக வருகிறவர்களுக்கு இரண்டுதான். அவர்கள் முதலில் என்பிடெல் என்ற இணையதளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகளை இலவசமாகப் பார்த்துவிட்டு வரட்டும். பட்டறையில் ஏற்கெனவே வேலை பார்த்து, வெர்னியர் அளவுகோல் பிடித்துப் பழகினவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன், ஞாயிறு வகுப்புக்கு அந்தப் பெரியவர் இன்னும் வருகிறாரா என்று கேளுங்கள். வண்டி நிறுத்த இடம் கிடையாது, பஸ்ஸில் போங்கள்.