இசை படிக்க அரசுக் கல்லூரியா, பத்து லட்சம் கடனா?

சென்னை, மதுரை, கோவை, திருவையாறு அரசு இசைக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு; கடன் வாங்காமலே படித்து முடிக்கலாம். தனியார் நிறுவனத்தில் ஒலிப்பதிவு, இசைத் தயாரிப்பு என்று சேர்ந்தால் கணக்கு லட்சங்களில் ஓடும்.

வங்கியில் 10 லட்சம், 10% வட்டி, 10 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 13,200 ரூபாய். மொத்தம் கட்டுவது ஏறத்தாழ 15.86 லட்சம். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் அவகாசம் உண்டு என்பார்கள். வட்டிக்கு அந்த அவகாசம் கிடையாது. கல்விக்கடன் வட்டிக்கான வருமான வரிச்சலுகையும் வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பவருக்குத்தான். (ஸ்டுடியோவில் உதவியாளராக நுழைபவருக்கு அதனால் என்ன லாபம்?)

வருமானம் இரு பக்கமும் மேடு பள்ளம்தான். கல்யாணக் கச்சேரியை நம்பினால் ஆடியும் மார்கழியும் வறட்சி. மார்கழி சீசனில் மேடை கிடைத்தாலும், மதிய நேர இலவசக் கச்சேரியில் புதியவருக்குக் கையில் நிற்பது சொற்பம். பக்கவாத்தியக்காரருக்கும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். மாதாமாதம் வருவது பாட்டு வகுப்புக் காசு. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் எடுத்தால் இன்னும் கொஞ்சம் கூடும். அரசுக் கல்லூரியில் படித்தவரும் அதைச் செய்யலாம், தவணை பயமில்லாமல்.

தனியார் படிப்பின் பலம் கருவிகளும் அறிமுகங்களும். ஏற்கெனவே ஸ்டுடியோ வேலை கையில் உள்ளவருக்கு மட்டும் அந்தக் கடனைச் சரி என்பேன், அதுவும் நாலு லட்சத்துக்குள்.