பகிர்ந்த சாவியா, தனி ஒப்பமா: ஓட்டுநரில்லாக் கார்களின் வானலைப் பாதுகாப்பு

1985இல் திறக்கப்பட்ட மலேசியாவின் 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தில் ஓட்டுநரில்லாக் கார்கள் ஓடும் நாள் வந்தால், ஒவ்வொன்றும் தன் இடத்தையும் வேகத்தையும் விநாடிக்கு ஏறத்தாழ 10 முறை மற்றவற்றுக்கு அறிவிக்கும். இடையில் எவரும் பொய்யான பிரேக் எச்சரிக்கையை நுழைக்காதிருக்க இரு வழிகள் உண்டு.

எல்லாக் கார்களுக்கும் ஒரே இரகசியச் சாவியை, அதாவது செய்தி உண்மையானது எனக் காட்டும் முத்திரைக்கான இரகசிய எண்ணை, கொடுப்பது முதல் வழி. கணக்கீடு விரைவானது, செய்தியும் சிறியது. ஆனால் அருகிலுள்ள பட்டர்வொர்த்தில் ஏதோவொரு பட்டறையில் ஒரே ஒரு காரிலிருந்து சாவியை எடுத்தவன் எந்தக் காரின் பெயரிலும் பேசலாம். பிறகு அத்தனை வண்டிகளிலும் சாவியை மாற்றியாக வேண்டும்.

இரண்டாம் வழியான மின்னொப்ப முறையில் ஒவ்வொரு காரும் தனக்கே உரிய சாவியால் ஒப்பமிடுவதால், களவுபோன சாவிக்குரிய சான்றிதழை (அந்தச் சாவியை நம்பலாம் என்னும் மின்னணு உறுதியை) மட்டும் இரத்து செய்தால் போதும். ஆனால் வழக்கமான 256 பிட் சாவியின் ஒப்பமே 64 பைட் பிடிக்கும். மாலை நெரிசலில் நூறு கார்கள் சூழ்ந்தால் விநாடிக்கு ஆயிரம் ஒப்பங்களைச் சரிபார்க்கும் சில்லு தேவை. ஒரே சான்றிதழை வைத்துக் காரைப் பின்தொடர முடியும் என்பதால், அமெரிக்காவில் வகுக்கப்பட்ட திட்டம் வாரத்திற்கு 20 புனைபெயர்ச் சான்றிதழ்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறது. செலவு கூடினாலும் என் தேர்வு மின்னொப்பமே. அலைவரிசையையே இரைச்சலால் அடைக்கும் தாக்குதலை இரண்டுமே தடுக்கா. அப்போது காரின் கேமராவும் ராடாருமே துணை.