பழைய ஸ்ப்ளெண்டரும் வீட்டுத் திண்ணைக் கார்ப்ரேட்டர் வேலையும்

பழைய பைக் மக்கர் பண்ணினால் பழி முதலில் விழுவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்ப்ரேட்டர் மேல்தான். பாதி நேரம் அது வீண்பழி. 97.2 சிசி ஸ்ப்ளெண்டர் ஒன்றைப் பல வருடமாக வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன், டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்கி வரும் வழியைப் பார்த்துவிடுங்கள்.

டேங்க் மூடியில் காற்று உள்ளே போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. அது அடைத்துக்கொண்டால் கொஞ்ச தூரம் நன்றாக ஓடிய வண்டி திணறி நிற்கும். சற்று நேரம் விட்டால் மறுபடி கிளம்பும். மூடியைத் திறந்ததும் சரியாகிவிட்டால், கார்ப்ரேட்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அடுத்தது பெட்ரோல் டேப். டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டுப் பாருங்கள். நூல் மாதிரி ஒழுகினால் டேப்பின் வடிகட்டியில் டேங்க் துரு சேர்ந்திருக்கிறது. அப்புறம் ஏர் ஃபில்டர், பிளக். பிளக் முனையில் கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, இளம்பழுப்பாக இருந்தால் சரி. இதைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்துதான் பார்க்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் தொல்லை போகவில்லையா? இனி கார்ப்ரேட்டர்தான். சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் ஆஃப் ஆகிறது என்றால் ஸ்லோ ஜெட் (ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது, பெட்ரோல் விடும் பொடித் துளைத் திருகு) அடைப்பு. ஐடிலிங் நன்றாக இருந்து, ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகும்போது இழுக்கவில்லை என்றால் அப்போது பெட்ரோல் விடும் மெயின் ஜெட் அடைப்பு. ஐடிலிங் தானாக ஏறி இறங்கினால் எஞ்சினுக்கும் கார்ப்ரேட்டருக்கும் நடுவில் எங்கோ காற்று இழுக்கிறது. அங்கே இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்து தட்டையாகிப் போயிருக்கும். கீழே பெட்ரோல் சொட்டினால், போதுமான அளவு வந்ததும் பெட்ரோல் வரவை அடைக்கும் ஃப்ளோட் நீடில் சரியாக உட்காரவில்லை. ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால், கார்ப்ரேட்டரின் அடியில் பெட்ரோல் தங்கும் ஃப்ளோட் கிண்ணத்தை லேசாக இரண்டு தட்டு தட்டினாலே தூசி விலகிச் சில சமயம் நின்றுவிடும்.

பெரும்பாலும் மாட்டுவது ஸ்லோ ஜெட்தான். கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடு ஓட்டை முடி அளவுதான் இருக்கும். வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் நல்லது, பிறை மாதிரி தெரிந்தால் ஓரத்தில் பிசின் ஒட்டியிருக்கிறது. ஊசி, குண்டூசி, கிடார் கம்பி எதையும் உள்ளே விடாதீர்கள். ஜெட் பித்தளை, இரும்பு பட்டால் ஓட்டை பெரிதாகும், மைலேஜ் போகும். நான் பழைய வீட்டு வயரை உரித்து அதிலிருந்து ஒற்றைச் செம்பு இழை எடுத்துக்கொள்கிறேன். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு, இழையைச் சும்மா நுழைத்து எடுத்தால் போதும்.

ஜெட்டைச் சுத்தம் செய்தவர்கள்கூட விட்டுவிடுவது அது உட்காரும் துளையிலிருந்து உள்ளே போகும் வழியை. அந்தத் துளையில் ஸ்ப்ரே அடித்தால் பெட்ரோல்-காற்று விகிதத்தைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவின் துளையிலும், எஞ்சின் பக்கக் குழாயில் இருக்கும் பொடி ஓட்டையிலும் பீய்ச்சி வர வேண்டும். வரவில்லையென்றால் வெறும் பாடியை எடுத்துக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போய்க் காற்றடித்து வாருங்கள். ஸ்ப்ரே அடிக்கும் முன் ரப்பர் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓ-ரிங் ஊதிப்போய்த் திரும்ப உட்காராது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஸ்ப்ரே எந்தத் துளை வழியாக முகத்துக்கு வரும் என்று சொல்ல முடியாது. வேலையை வெளியில் செய்யுங்கள். பூஜை விளக்கு எரிகிற கூடத்தில் கார்ப்ரேட்டரைப் பிரித்து வைக்கிற ஆசாமிகளை நான் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர்ப் பெட்ரோலில் 2023-இலிருந்து 20 சதவீத எத்தனால் வரத் தொடங்கியதும் என் பழக்கம் ஒன்று மாறியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். வண்டி வாரக்கணக்கில் நின்றால் தண்ணீர் பிரிந்து ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் தங்கும். அதனால் ஊருக்குப் போகிறோம் என்றால் டேப்பை மூடிவிட்டு, கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, இருப்பதைக் கண்ணாடி பாட்டிலில் இறக்கிவிடுகிறேன். மழைக்காலத்தில் அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருளுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பழைய பெட்ரோல் டியூபிலும் இந்தக் கலவையால் சீக்கிரம் வெடிப்பு விழுகிறது. அதை மாற்றத் தயங்கவே வேண்டாம்.

டியூனிங் கடைசி வேலை. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க உள்ளே திருகி (இறுக்கக் கூடாது, முனை நசுங்கும்) ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அங்கிருந்து கால் சுற்றாக இரண்டு பக்கமும் போய், ஐடிலிங் அதிகமாக ஏறும் இடத்தில் நிறுத்திவிட்டு, ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது, உள்ளே திருகினால் பெட்ரோல் விகிதம் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் நேர் எதிர். இது தெரியாமல் திருகுகிறவர்களுக்கு வண்டி என்றைக்கும் டியூன் ஆகாது. மாட்டியபின், ஸ்டார்ட் பண்ணும் முன்பே ஆக்சிலேட்டரைத் திருகி விட்டுப் பாருங்கள். உள்ளே ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடு 'டக்' என்று கீழே விழும் சத்தம் கேட்கவில்லை என்றால் அது தப்பாக உட்கார்ந்திருக்கிறது, கிக்கர் மேல் காலை வைக்காதீர்கள்.

"கார்ப்ரேட்டர் போச்சுண்ணே, புதுசு போட்டுடலாம்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். கம்பெனி ஜெட் சுத்தம் செய்யச் செய்ய உழைக்கும். மலிவு விலை ரிப்பேர் கிட்டில் வரும் ஜெட்டில் எண் ஒன்றாகவும் ஓட்டை வேறாகவும் இருந்ததைப் பார்த்துவிட்டேன். கிட்டிலிருந்து நான் எடுத்துக்கொள்வது கேஸ்கெட்டையும் ஓ-ரிங்கையும் மட்டும். ஃப்ளோட் நீடில் முனையில் வளையம் மாதிரி தேய்மானம் தெரிந்தால் ஒரிஜினலாகத் தனியே வாங்கிவிடுவேன். ஸ்லைடு தேய்ந்து கிடுகிடுவென்று ஆடினால்தான் மொத்தமாக மாற்ற வேண்டும், அதற்கு மருந்து கிடையாது. அப்போதும் பழையதைக் காயலான் கடையில் போடாமல் ஜெட் இரண்டையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.